கத்திரிக்குத் தெரிய வேண்டாம்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நாங்கள் இருவரும் இங்கே சௌக்கியம். நீயும் சௌக்கியம் என்றுதான் எழுதியிருந்தாய். அதை நம்ப முடியாமல்தான் இத்தனை நீளமாக எழுத உட்கார்ந்தேன். போனில் சொன்னால் "அடுப்புல பால் வச்சிருக்கேன்டா" என்று பாதியில் வைத்துவிடுவாய். கடிதமென்றால் கணக்கு டீச்சர் பிழை கண்டுபிடிக்கவாவது முழுசாகப் படிப்பாய்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நீ கேட்ட மருந்துப் பேட்ச்சை எங்கள் சூப்பர்வைசர் கையில் கொடுத்தனுப்பவில்லை. அவர் உன் ஊருக்கு லிஃப்ட் மாட்டப் போனது உண்மைதான், வெறுங்கையோடு போனார். கோபம் வரும். கடைசிவரை படித்துவிட்டுக் கோபித்துக்கொள்.

"கத்திரிக்குத் தெரிய வேண்டாம்" என்று இரண்டு இடத்தில் அடிக்கோடு போட்டிருந்தாய். எனக்குக் கல்யாணமான புதிதில், என் மனைவி ஆயத்த ஆடைக் கம்பெனியில் பார்க்கிற துணி வெட்டும் வேலையையும் அவள் வாயையும் சேர்த்துப் பார்த்து நீ வைத்த பெயர். இருபத்தொரு வருடமாக நமக்குள் மட்டும் புழங்கிய பெயர். அவளிடம் நேராகக் கேட்டால் உன் தலையில் இருக்கும் கிரீடம் கீழே விழுந்துவிடும் என்பதால்தானே என்னிடம் கேட்டாய்? மூன்று மாதம் முன்பு நீ வந்தபோது "என்னடா, உன் பொண்டாட்டி இப்பல்லாம் சிரிக்கிறா" என்று கேட்டதற்கு, ஹார்மோன் சிகிச்சை, வாரம் இருமுறை ஒட்டிக்கொள்கிற பேட்ச் என்று உளறியது நான்தான். அரைகுறையாக உளறியது என் தப்பு. இப்போது முழுசாகச் சொல்லிவிடுகிறேன். தம்பி அக்காவுக்கு எழுதுகிற சங்கதியா இது என்று கை கூசுகிறது. கூசினால் கூசட்டும்.

போன வருடம் அவள் பட்ட பாடு உனக்குத் தெரியாது. தெரியாதபடி பார்த்துக்கொண்டாள். கட்டிங் டேபிள் முன்னால் நிற்கும்போது திடீரென்று கழுத்திலிருந்து தலைவரை சூடு ஏறுமாம், வியர்வை துணியில் சொட்டுமாம். தூக்கம் போயிற்று. அடிக்கோல் என்ற வார்த்தை வாயில் வராமல் "அது, அந்த நீளமான சனியன்" என்று கையால் காட்டுவாள். மாதாமாதம் வருவது ஒரு மாதம் இரண்டு முறை வரும், அடுத்த இரண்டு மாதம் எட்டிப் பார்க்காது. நான் என்ன செய்தேன் தெரியுமா? "வயசாகுதில்ல" என்றேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அது நான் சம்பாதித்துக்கொண்டது.

பிறகு ஒருநாள், பள்ளிச் சீருடை ஆர்டர். துணியை முகத்தோடு முகம் சேர்த்து அடுக்கினால்தான் வலது கையும் இடது கையும் ஜோடியாக விழும். அன்றைக்கு எல்லா அடுக்கையும் ஒரே பக்கம் பார்த்து அடுக்கிவிட்டு மெஷினை ஓட்டிவிட்டாள். நாற்பது சட்டைக்கு எண்பது கையும் இடது கை. இருபத்திரண்டு வருட வேலையில் முதல் தப்பு. வீட்டுக்கு வந்து அந்தக் கைகளில் ஒன்றை மடியில் போட்டுக்கொண்டு, "எனக்குப் புத்தி கலங்குதுங்க. இனிமே கத்தியைத் தொட மாட்டேன்" என்றாள். அவள் அழுது நான் அன்றுதான் பார்த்தேன்.

ஆனால் அக்கா, அழுது முடித்ததும் அவள் செய்ததைப் பார். பேட்டர்ன் வெட்டுகிற பழுப்புத் தாளில் கட்டம் போட்டாள். எத்தனை முறை சூடு ஏறியது, எத்தனை மணி நேரம் தூங்கினாள், எந்தத் தேதியில் ரத்தம் போயிற்று, எல்லாவற்றையும் ஒரு மாதம் எழுதினாள். அதைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனாள். நானும் கூடப் போனேன். அந்த அம்மாள் தாளை மேஜையில் விரித்து, நாலு முனையிலும் பேனா, ஸ்டெதஸ்கோப் என்று எதையெதையோ வைத்து, முழுசாகப் படித்தார். பிறகு கேள்விமேல் கேள்வி. காலில் ரத்தம் கட்டியதுண்டா, ஒற்றைத் தலைவலி உண்டா, குடும்பத்தில் யாருக்காவது மார்பில் புற்றுநோய் வந்ததா, ஈரல் எப்படி, கர்ப்பப்பை இருக்கிறதா, எடுத்தாயிற்றா. ரத்த அழுத்தம் பார்த்தார், மார்பைப் படம் எடுத்துவரச் சொன்னார். அத்தனைக்கும் அப்புறம்தான் சீட்டு எழுதினார். அவளுக்கு எழுதியது அவளுக்கு மட்டும் சரி. சட்டை அளவுகூட ஆளுக்கு ஆள் மாறுகிறது, இது மாறாதா?

சீட்டில் இரண்டு மருந்து இருந்தது. ஒன்று பேட்ச். இடுப்புக்குக் கீழே, எண்ணெய், பவுடர் எதுவும் படாத, ஈரமில்லாத தோலில் ஒட்டி, உள்ளங்கையால் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடிக்க வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் மாற்ற வேண்டும், ஒட்டிய இடத்திலேயே திரும்ப ஒட்டக் கூடாது. இன்னொன்று, மாதத்தில் பன்னிரண்டு நாள் படுக்கப்போகும்போது போடுகிற மாத்திரை. டாக்டரம்மா வேறொரு எச்சரிக்கையும் சொன்னார். கர்ப்பம் சம்பந்தப்பட்டது. அதை அக்காவுக்கு எழுதுகிற அளவுக்கு எனக்குத் தைரியம் வரவில்லை.

முதல் மாதம் ஒன்றும் நடக்கவில்லை. காசையும் நம்பிக்கையையும் கரைத்தோம் என்று நான் முணுமுணுத்தேன். அவள்தான் கண்டுபிடித்தாள். இஸ்திரி மேஜைகளின் ஆவிக்குப் பக்கத்தில் நாள் முழுக்க நிற்கிறாள், பாவாடை நாடா வேறு அந்த இடத்திலேயே உரசுகிறது. பேட்ச் ஓரம் சுருண்டு, எப்போது விழுகிறது என்றே தெரியாமல் விழுந்திருக்கிறது. ஒன்று தைத்து முடித்த கால்சட்டையில் ஒட்டிக்கொண்டு போய், செக்கிங் பெண் அதைப் புது மாதிரி லேபிள் என்று நினைத்து, மற்றதற்கெல்லாம் எங்கே என்று தேடினாளாம். இதைச் சொல்லும்போது அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஜன்னலைத் திறந்தார்கள். ஒரு வருடத்துக்கு அப்புறம் கேட்ட சிரிப்பு.

மறுநாளே தன் இடுப்பையே அளந்து பழுப்புத் தாளில் பேட்டர்ன் போட்டுவிட்டாள். வலம் இடம், நாடா படும் கோடு, உட்கார்ந்தால் மடிகிற கோடு. எதுவும் உரசாத ஆறு இடத்தில் தையல் சாக்பீஸால் கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் தேதி. அது அலமாரிக் கதவின் உள்பக்கம் தொங்குகிறது. விழுந்தால் புதுசு ஒட்டு, பழைய நாள் கணக்கை மாற்றாதே என்று ஓரத்தில் தனக்கே உத்தரவு எழுதியிருக்கிறாள். நான் முப்பது வருடமாக லிஃப்ட் வரைபடம் பார்க்கிறவன், அத்தனை சுத்தமான வரைபடம் பார்த்ததில்லை. மூன்றாவது மாதம் தூக்கம் திரும்பியது, சூடு அடங்கியது, வார்த்தை வாயில் வந்தது. இப்போது அதே சீருடைத் துணியை அறுபது அடுக்கு வைத்து வெட்டுகிறாள். அவளைப் பார்த்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது அக்கா. உன்னிடம் இதைச் சொல்ல இருபத்தொரு வருடமாயிற்று.

இப்போது நீ எழுதியதற்கு வருகிறேன். "மாத்திரை வேண்டாம், தூங்கி வழிய வைக்குமாம், ஒட்டறது மட்டும் போதும்" என்றாய். நாம் ஒரே ரத்தம் என்பது இதில் நிரூபணம். நானும் அவளிடம் இதையேதான் சொன்னேன், மாத்திரையை விட்டுவிடு என்று. அவள் தைத்த கோட்டு ஒன்றைத் திருப்பி, உள்பக்கத்து லைனிங் துணியைக் காட்டி வகுப்பெடுத்தாள். கர்ப்பப்பைக்கு உள்ளேயும் இதேபோல ஒரு சவ்வு இருக்கிறது. பேட்ச் மட்டும் போட்டால் அது தடித்துக்கொண்டே போகும், பிறகு வேண்டாத வியாதிக்கு வழி திறக்கும். அதைக் கட்டிவைக்கத்தான் மாத்திரை. கர்ப்பப்பை உள்ளவர்கள் ஒன்றை மட்டும் எடுப்பது ஆபத்து.

இனி என் குற்றம். உன் கடிதம் வந்ததும் நான் யோசிக்கவே இல்லை. அவள் பேட்ச் பெட்டிகளில் ஒன்றை எடுத்து டூல் பையில் ஸ்பேனர்களுக்கு அடியில் உன் கடிதத்தோடு வைத்தேன். வெள்ளிக்கிழமை காலை அவள் அலமாரியைத் திறந்தாள். அந்தக் கதவில் தேதிவாரியாகக் கணக்கு இருக்கும்போது என் திருட்டு எத்தனை நேரம் நிற்கும்? கேட்டாள். பையைத் திறந்து காட்டினேன். உன் கடிதத்தை எடுத்துப் படித்தாள், அடிக்கோடு போட்ட இரண்டு இடத்தையும் சேர்த்து. நான் சண்டைக்குத் தயாராக நின்றேன்.

அவள் மூன்றாம் பக்கத்தை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "பதினாலு மாசமா நின்னது போன மாசம் நாலு நாள் வந்துச்சு, இந்த மாசமும் ரெண்டு நாள், எனக்கு இளமை திரும்புதுடா" என்று நீ எழுதிய இடம். நான் அதைப் படித்துச் சிரித்திருந்தேன். "இதைப் படிச்சிட்டா பேட்ச் அனுப்பப் பார்த்தீங்க?" என்றாள். குரல் உயரவே இல்லை. உடனே டாக்டரம்மாவுக்குப் போன் போட்டாள். ஒரு வருடம் நின்ற பிறகு ரத்தம் வந்தால் அது எத்தனை சொட்டாக இருந்தாலும் முதலில் பரிசோதனை, மருந்து அப்புறம்தான் என்றாராம். பெரும்பாலும் சின்னக் காரணமாகத்தான் இருக்கும், ஆனால் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது, தள்ளிப்போடக் கூடாது என்றும் சொன்னாராம். அதிலிருந்து எனக்கு ஒரு கவளம் இறங்கவில்லை.

அத்தான் போன பிறகு எதையும் யாரிடமும் சொல்லாமல் பழகிவிட்டாய். கரும்பலகை முன்னால் வியர்த்து நின்றபோதும் ஜன்னலைத்தானே குறை சொன்னாய்? போதும் அக்கா. அவள் வியாழக்கிழமை வருகிறாள், நானில்லாமல். பள்ளிக்கு லீவு சொல்லிவிடு. கதவைத் திறந்து உள்ளே கூப்பிடு. எனக்கு அம்மா போனபின் மிச்சமிருப்பது நீ ஒருத்திதான், அதை மட்டும் நினைத்துக்கொள். நீ நூறு வருடம் இருந்து என்னைத் திட்ட வேண்டும்.

உன் அன்புள்ள,
தம்பி

அண்ணிக்கு,

இவர் எழுதியதைப் படித்தேன். என்னைப் பற்றி ரொம்ப அளந்திருக்கிறார், பாதியைக் கழித்துவிடுங்கள். வியாழன் காலை பத்து மணிக்கு வந்துவிடுவேன். உங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் பதினொன்றரைக்குப் பெயர் கொடுத்தாயிற்று. ரத்தம் போன தேதிகளை ஒரு தாளில் எழுதி வையுங்கள், எவ்வளவு என்பதையும் கூச்சப்படாமல் எழுதுங்கள். என் பேட்ச் எதையும் கொண்டுவரவில்லை. பழுப்புத் தாள் ஒரு சுருள் கொண்டுவருகிறேன். டாக்டர் உங்களுக்கென்று ஏதாவது எழுதிக் கொடுத்தால் உங்கள் அளவுக்குப் புதுசாக வரைந்து தருவேன். பயப்படாதீர்கள் என்று சொல்ல மாட்டேன், எனக்கே பயமாக இருக்கிறது. அதனால்தான் கூட வருகிறேன்.

இப்படிக்கு,
கத்திரி