எர்த் கம்பி

மார்ச் 8, சனி

பக்கத்து வீட்டுத் தர்ஷினியின் கிடார் ஆம்ப் நான்கு நாளாக என் உயிரை வாங்குகிறது. பெங்களூரில் யாரோ கழித்துக் கட்டியதை ஆசையாக வாங்கி வந்திருக்கிறாள். ஸ்பீக்கரைப் பெரிதாக மாற்றினேன், கெப்பாசிட்டர்களைப் புதிதாகப் போட்டேன். சத்தம் கும்மென்று வருகிறது. கூடவே ஓர் 'உர்ர்'. அது மட்டும் போகவே மாட்டேன் என்கிறது. புதன்கிழமை பாகலூர் அம்மன் கோயில் திருவிழாவில் அவளுக்கு முதல் மேடை. கம்பெனியில் ஷிஃப்ட், வீட்டில் இது. எனக்கு ஏன் இந்த வேலை?

மார்ச் 10, திங்கள்

உர்ர் போயிற்று! பிளக்கில் எர்த் கம்பியைக் கழற்றிப் பார்த்தேன், உடனே அடங்கியது. அப்படியென்றால் கோளாறு அந்த வழியில்தான். நாளை தேடிப் பிடிக்க வேண்டும்—

எழுதிக்கொண்டிருக்கும்போதே தர்ஷினி வந்தாள். வாசித்துப் பார்த்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டாள். "உங்களுக்குக் கைராசிக்கா!" கையோடு தூக்கிக்கொண்டு போய்விட்டாள். நானும் பெருமையாக நின்றேன்.

மார்ச் 12, புதன்

இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன்.

கம்பெனியில் என் வேலையே எர்த் டெஸ்ட். லைனில் வரும் ஒவ்வொரு கிரைண்டரிலும் கசியும் மின்சாரம் ஆளைத் தாக்காமல் மண்ணுக்குள் இறங்குமா என்று பார்க்க வேண்டும். நாலரை மணிக்கு ஒரு கிரைண்டரைத் தொட்டபோதுதான் உறைத்தது. ஆம்பில் எர்த்தை நான் திரும்ப மாட்டவேயில்லை. என் கையாலேயே இங்கே எழுதியும் வைத்திருக்கிறேன், மடச்சி.

கோயில் மேடை. செருப்புப் போட மாட்டார்கள். கழுவிய ஈரம் வேறு இருக்கும். கிடாரின் இரும்புக் கம்பிகளில் கை, மைக்கில் உதடு. ஆம்பில் கசியும் மின்சாரம் அவள் உடம்பு வழியாகத்தான் இறங்கும். ஆறு மணிக்குக் கச்சேரி. என் போன் கேட் லாக்கரில்.

சூப்பர்வைசர் அழகர்சாமி சாரிடம் ஓடினேன். அவர் கையெழுத்து இல்லாமல் கேட்டைத் தாண்ட முடியாது. வயிற்றுவலி என்றால் மாத்திரை கொடுத்துப் படுக்க வைப்பார்கள். உண்மையைச் சொன்னேன்.

"வெளிவேல பாத்தா என்னாகும்னு தெரியும்ல? இந்த மாசம் பெர்மனன்ட் லிஸ்ட்டு வருது தாயி. மூணு வருசமாக் காத்துக் கெடக்க."

"அந்தப் பொண்ணு செத்துரும் சார்."

ஒரு தாளை நீட்டினார். "எழுதிக் குடு. நானா விட்டேன்னு ஆகக் கூடாது."

'வெளியில் பழுதுபார்த்த ஆம்பை எர்த் மாட்டாமல் கொடுத்துவிட்டேன்' என்று எழுதி, சுப்ரியா என்று கையெழுத்துப் போட்டேன்.

கேட்டில் போனை வாங்கி அவளை ஏழு முறை கூப்பிட்டேன். எடுக்கவில்லை. பாகலூர் ரோட்டில் லாரிக்குப் பின்னால் லாரி. ஸ்கூட்டியை மண்ணில் இறக்கி ஓட்டினேன். கோயிலுக்குப் போனபோது வெறுங்காலோடு கிடாரை மாட்டிக்கொண்டு மேடையில் நிற்கிறாள். மைக்குக்குக் கை நீட்டுகிறாள்.

"தொடாதடி!"

கூட்டம் மொத்தமும் திரும்பியது. ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினேன். கிடாரைக் கீழே வைக்கச் சொல்லி, மறுபடி செருகி, கிடார் கம்பியில் டெஸ்டரை வைத்தேன். எரிந்தது. மறுபடி பிளக்கைப் பிடுங்கினேன்.

எர்த்தை மாட்டிய பிறகு டெஸ்டர் எரியவில்லை. உர்ர் மட்டும் திரும்பி வந்துவிட்டது. "மொத மேடையே இப்பிடியாக்கா?" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். பாடி முடித்துக் கீழே இறங்கும்வரை மேடையோரத்திலேயே நின்றேன்.

மார்ச் 13, வியாழன்

அந்தத் தாள் ஆபீசுக்குப் போய்விட்டதாம்.

மார்ச் 28, வெள்ளி

லிஸ்ட் ஒட்டியிருந்தார்கள். மூன்று முறை படித்தேன். என் பெயர் இல்லை. பாத்ரூமில் போய் அழுதேன்.

சாயங்காலம் தர்ஷினி ஆம்போடு வந்தாள். கெலவரப்பள்ளிப் பக்கம் ஒரு கல்யாணத்தில் வாசிக்கப் போகிறாளாம், உர்ரை எடுத்தே ஆக வேண்டுமாம்.

"அன்னிக்கு வேலைய வுட்டுட்டு அப்பிடி ஓடியாந்திருக்க வேணாங்க்கா. எனக்குத்தான் ஒன்னும் ஆவலியே."

"ஆமா, ஒன்னும் ஆவல" என்றேன். திருப்புளியை எடுத்து ஆம்பைத் திறந்தேன்.