பெல்ட்டில் ஒரு புது ஓட்டை

என் வீட்டுக்காரருக்கு,

நேரில் சொன்னால் சிரித்தே மழுப்பிவிடுவீர்கள். அதனால்தான் சாப்பாட்டு டப்பாவில் இதை வைக்கிறேன். இன்று பொரித்த இறைச்சி இல்லை, அவித்த வாழைக்காயும் பீன்ஸும்தான்.

உங்கள் அண்ணன் லுப்வாமா முப்பத்தாறு வயதில் மாரடைப்பில் போனபோது டாக்டர் கேட்டார்: "தம்பிக்கும் ரத்தக் கொதிப்பு இருக்கா? சிகரெட் உண்டா? தொப்பை?" பக்கத்தில் நின்ற நான் மூன்றுக்கும் மனசுக்குள் "ஆமாம்" போட்டேன்.

இந்தக் கம்பாலா நகரத்தில் புருஷனின் தொப்பைதானே பெண்டாட்டிக்கு நற்சான்று. வருடத்துக்கொரு முறை உங்கள் பெல்ட்டில் ஓட்டையைத் தள்ளிப் போட்டு, அதை ஊருக்கே காட்டியவள் நான். சமையலை மாற்றப்போகிறேன் என்றதும் உங்கள் அத்தை நேற்றே ஆரம்பித்துவிட்டார்: "அவன் இளைச்சா எய்ட்ஸுன்னு சொல்வாங்க. இல்ல, நீ பட்டினி போடுறேன்னு சொல்வாங்க!"

சொல்லட்டும்.

நேற்று மேட்டில் ஏறும்போது பாதியில் நின்று மார்பைத் தேய்த்தீர்கள். "வெறும் வாயுடி" என்றீர்கள். அண்ணனும் அந்தக் கடைசி நாள் காலையில் அண்ணியிடம் அதையேதான் சொன்னாராம்.

நீங்கள் இதைப் படிக்கும்போது நான் ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டிருப்பேன். பயணிகளை இறக்கிவிட்டு வேனை நேராக அங்கே கொண்டு வாருங்கள். பெல்ட்டில் இந்த முறை உள்பக்கமாக ஒரு ஓட்டை போட்டிருக்கிறேன். அந்த ஓட்டை வரைக்கும் நீங்கள் இளைத்து வந்து சேர வேண்டும்.

இப்படிக்கு,
ஊட்டி ஊட்டியே பயந்துபோனவள்