அத்தாவின் மோதிரத்தில் சுற்றிய நூல்

என் செல்ல அம்மாவுக்கு,

அங்கே நீ நிம்மதியாக இருப்பாய் என்று நம்பித்தான் எழுதுகிறேன். எனக்கு இங்கே நிம்மதி இல்லை. என்னைப் பெற்ற அத்தாவை ராஜபாளையத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். குடலில் கட்டி. ஆபரேஷன் செய்தாக வேண்டும், ஆனால் இப்போது முடியாது என்கிறார்கள். உடம்பில் சத்தே இல்லையாம்.

நம் அத்தாவுக்கா? எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. எடை மிஷினில் ஏறினால் பழைய எடைக்குப் பக்கத்தில்தான் காட்டியது. ஸ்ரீவில்லிபுத்தூரில் நம் கடைக்கு வருகிறவர்கள்கூட, பாய் கொஞ்சம் பூசினாற்போல இருக்கிறார் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

நேற்று நோயாளிகளின் சாப்பாட்டைக் கவனிக்கிற டயட்டீஷியன் பெண் வந்தாள். சாப்பிட்டீர்களா என்று கேட்டாள். யார் கேட்டாலும் சொல்வதையே அத்தா சொன்னார், சாப்பிட்டாச்சு என்று. வயிறு காய்ந்து கிடந்தாலும் அடுத்தவரிடம் நாம் வேறென்ன சொல்லியிருக்கிறோம்? அவள் விடவில்லை. கணுக்காலை அழுத்தினாள், விழுந்த குழி அப்படியே நின்றது. உடம்பு என்று நாங்கள் நம்பியது வெறும் நீர். கைச்சதையைக் கிள்ளிப் பார்த்தாள். தன் விரலை இறுக்கிப் பிடிக்கச் சொன்னாள், பிடியில் பலமே இல்லை. பிறகு நீ உயிரோடு இருந்தபோது போட்டுவிட்ட வெள்ளி மோதிரத்தைக் கவனித்தாள். அடியில் கறுப்பு நூல் தடிமனாகச் சுற்றியிருந்தது.

“இது எதுக்குங்கய்யா?”

“லூசாக லூசாகச் சுத்திக்கிட்டே வாரேம்மா. அவ போட்டுவிட்டது, விழுந்துரக் கூடாதுல்ல.”

மோதிரம் தொலையாமல் பார்த்துக்கொண்ட மனுஷன், விரல் தேய்வதை ஒருவரிடமும் சொல்லவில்லை. சத்துக் குறைபாடு ரொம்ப முற்றிவிட்டது என்று அந்தப் பெண் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னாள்.

விஷயம் தெரிந்ததும் மாமி தூக்குச்சட்டி நிறைய நெய்ச்சோறும் கறியுமாக வந்துவிட்டார். அதுவும் கூடாதாம். வாடிக் கிடந்த உடம்புக்கு ஒரேயடியாகக் கொடுத்தால் இருதயம் தாங்காதாம். ரத்தத்தைச் சோதித்துச் சோதித்து, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்டுவார்களாம். மாமிக்கு முகம் சுருங்கிப்போனது. “பசிச்சவுகளுக்குச் சோறு குடுக்கக் கூடாதா, இது என்ன நாயம்?” என்றார். எனக்கோ வேறு பயம். மெதுவாகக் கொடுத்தால் அதுவரை கட்டி சும்மா இருக்குமா? இதை நான் யாரிடம் கேட்பது?

மூக்குக் குழாய் வழியாகப் பால் மாதிரி ஒன்று சொட்டுகிறது. அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். சொட்டுவது செத்த நேரம் நின்றாலும் நர்ஸைத் தேடி ஓடுகிறேன். அவர்களுக்கு என்னைக் கண்டாலே அலுப்பு.

இன்று காலை பக்கத்துக் கட்டில்காரர் சாப்பிட்டாச்சா என்று கேட்டார். அத்தா வாயைத் திறந்தவர், என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“இல்லப்பா. பசிக்குது.”

வார்டு என்றும் பார்க்காமல் அழுதுவிட்டேன்.

அந்த நூலை நான் தொடவில்லை அம்மா. விரல் தேறி, அவரே அதை ஒவ்வொரு சுற்றாகப் பிரித்து எடுக்க வேண்டும். இப்போதைக்கு அவரை உன்னிடம் அனுப்ப மாட்டேன். கோபித்துக்கொள்ளாதே.

உன் மூத்த மகள்,
மும்தாஜ்