கத்ரினின் கால்விரல்கள்

ஜெர்மனியில் இருக்கும் அன்பு மகள் கத்ரினுக்கு,

இலங்கை தெஹியோவிட்ட ரப்பர் தோட்டத்திலிருந்து மூக்காயி எழுதுவது. உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? இங்கே மழை விடவில்லை, ரப்பர் பால்வெட்டு வேலையும் இல்லை. எனக்குச் சோறு இறங்கி நான்கு நாளாகிறது. உன் சிநேகிதி துஷ்யந்தி இதை உன் பாஷையில் வாசித்துச் சொல்லும்போது நடுவில் நிறுத்த வேண்டாம் என்று சொல்.

அடுத்த மாதம் வருவதாகவும், நம் இரண்டு பேர் எச்சிலையும் எடுத்துத் தாயும் மகளும்தானா என்று சோதிக்கலாம் என்றும் எழுதியிருந்தாய். சோதனை வேண்டாம் மகளே. நான் உன்னைப் பெறவில்லை.

நீ பிறந்த வருஷம் என் பிள்ளை பிறந்த மூன்றாம் நாள் செத்தது. பால் கட்டிக் காய்ச்சலோடு கிடந்தேன். ஒரு தரகன் வந்து, தாய் செத்த பிள்ளை ஒன்று டவுனில் இருக்கிறது, வெளிநாடு போகும்வரை பால் கொடு, கோர்ட்டில் உன் பிள்ளை என்று சொன்னால் போதும் என்றான். சொன்னேன். சிங்களத்தில் இருந்த தாளில் கையெழுத்தும் வைத்தேன். அதே வாரம் எங்கள் தோட்டத்து வீட்டு வரிசையில், மேல் லயத்து இராஜத்தின் பிள்ளையும் ஆஸ்பத்திரியிலேயே செத்துவிட்டது என்றார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குப் புத்தி இல்லை.

முப்பத்தெட்டு வருஷம் கழித்து அந்தத் தாளை வைத்து என்னைக் கண்டுபிடித்து, அம்மா என்று எழுதினாய். பிள்ளையில்லாத எனக்கு மறுக்க மனம் வரவில்லை. பதினாறு வயதில் ஜெர்மனிக்காக ஜிம்னாஸ்டிக்ஸ் போட்டியில் இறங்கினாய், நான்காவதாக வந்து அழுதாய், இருபத்துமூன்றில் முழங்கால் போய் விட்டுவிட்டாய் என்று லயம் முழுக்கப் பீற்றிக்கொண்டேன். பால்வாளியோடு மலையில் சறுக்காமல் இறங்கும் என் கால்தான் உனக்கும் என்றேன்.

பிறகு நீ அந்தப் படத்தை அனுப்பினாய். போட்டியில் ஒற்றைக் கட்டைமேல் வெறுங்காலோடு நிற்கிறாய். இரண்டாம் விரலும் மூன்றாம் விரலும் ஒட்டியிருக்கின்றன. குழந்தையில் பால் கொடுக்கும் நேரம் மட்டும் உன்னைத் துணி சுற்றியே தந்தார்கள், நான் காலைப் பார்க்கவில்லை. இராஜத்துக்கும் அவள் அப்பாவுக்கும் அதே விரல்கள்.

நேற்றுத் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் இராஜம், "அக்கா, ஒங்க மக வந்தா எனக்கும் ஒருக்கா காட்டுங்க" என்றாள். குடத்தை அங்கேயே விட்டு ஓடிவந்தேன். பயமாக இருக்கிறது கத்ரின். போலீஸ் கூப்பிட்டால் போய்விடுவேன். அவள் முகத்தை எப்படிப் பார்ப்பேன்?

நீ முதலில் அவளிடம் போ. மேல் லயத்தில் ஆறாம் காம்பிராதான் அவள் வீடு. உட்காரவைத்துச் சொல், அவளுக்குப் பிரஷர் இருக்கிறது. என் பெயரைக் கடைசியில் சொல். நான் கதவைச் சாத்தாமல் உள்ளே இருப்பேன். அவள் என்னை அடிக்க வந்தால் நீயும் கூடவே வா. தடுக்க வேண்டாம், வந்தால் போதும்.

நீங்கள் இரண்டு பேரும் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
மூக்காயி