சாமி என்ன வேகத்தில் வரும்

மற்ற எல்லாவற்றுக்கும் வைத்துவிட்டேன் தம்பி, இந்த ஒரு குமிழுக்குத்தான் பொட்டு வைக்கவில்லை. இன்று ஆயுத பூஜை. உன் அண்ணன் தையல் மெஷினைத் துடைத்து வைத்துவிட்டு, நீ கல்யாண வீடுகளில் டான்ஸ் பாட்டுப் போடுகிற பெட்டியையும் எடுத்து வந்து பக்கத்தில் வைத்தார். பொட்டு வைத்துக்கொண்டே வந்தேன், அதன் ஓரத்தில் மேலும் கீழும் தள்ளுகிற குமிழில் விரல் பட்டதும் என் கை நின்றுவிட்டது. பாட்டின் வேகமே அதில்தானே. "அதுல மட்டும் வேணாம் அண்ணி, ஒட்டிக்கும்" என்று வருஷா வருஷம் தடுப்பாய். இந்த வருஷம் தடுக்க நீ இல்லை.

அந்த ஆடி மாதம் நினைவிருக்கிறதா? பம்பைக்காரர் வழுக்கி விழுந்து கையை ஒடித்துக்கொண்டார். ஆடியில் வேறு ஆள் கிடைப்பாரா? பம்பை மேளம் இல்லாமல் கரகம் எடுக்கிற செல்விக்கு அருள் வராது, அருள் வராமல் ஆற்றங்கரையிலிருந்து கரகம் கிளம்பாது. கரகம் வராமல் கூழ் ஊற்றுவது எப்படி? தெருவே தவித்தது. நான் பார்த்துக்கொள்கிறேன் என்று நீ சொன்னபோது எனக்குப் பயம்தான் வந்தது. கோயில் பக்கமே வராதவன் அம்மன் காரியத்தில் கை வைக்கிறானே என்று.

அம்மனை அழைக்கிற வர்ணிப்பை என்னையே பாடச் சொல்லி போனில் பிடித்தாய். வேகம் ஏறினால் எனக்கு மூச்சு வாங்கும், அதை மெஷின் பார்த்துக்கொள்ளும் என்றாய். பிறகு ஒரு வாரம் வீட்டில் என் குரல் பட்ட பாடு! வேகத்தைக் கூட்டினால் பால்வாடிப் பிள்ளை போலக் கீச்சிட்டேன். குறைத்தால் ஆம்பளைக் குரல். "யாருடா இது, நம்ம அப்பா பேசற மாதிரி கீது" என்று உன் அண்ணன் அடுப்படி வரை வந்து எட்டிப் பார்த்தார். அப்புறம் ஒருநாள், "வேகம் வேற, சுருதி வேற அண்ணி. ரெண்டையும் பிரிச்சுட்டேன்" என்றாய். பூட்டைத் திறந்துவிட்ட மாதிரி ஒரு முகம் உனக்கு.

ஆற்றங்கரையில் குட்டியானை வண்டி மேல் ஸ்பீக்கர்கள், உன் லேப்டாப், இந்தப் பெட்டி. வண்டியில் இடமில்லை என்று நீ பின்னாலேயே நடந்து வந்து அங்கேதான் மேலே ஏறினாய். பாட்டு கிளம்பியதும் பையன்கள் எல்லாம் ஆடினார்கள். செல்வி மட்டும் கரகத்தைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்கிறவள் போல நின்றாள். வீட்டில் போட்டு வைத்திருந்தபடியே வேகத்தை ஏற்றிப் பார்த்தாய். அவள் அசையவில்லை. வெயில் ஏறியது. கம்ப்யூட்டருக்கெல்லாம் ஆத்தா வருவாளா என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள். நான் மஞ்சள் துணியில் காசு முடிந்து வேண்டிக்கொண்டேன்.

நீ வண்டியிலிருந்து குனிந்து கேட்டாய்: "சாமி இன்னா ஸ்பீடுல வரும் அண்ணி?"

"அத நாம முடிவு பண்றதில்ல தம்பி. பம்பைக்காரரு அவ காலைத்தான் பாத்துக்கினு இருப்பாரு."

அவ்வளவுதான் சொன்னேன். நீ லேப்டாப்பை மூடாமலே அந்தப் பக்கம் திருப்பி வைத்தாய். செல்வியின் கால் கட்டைவிரல் மண்ணில் லேசாகத் தட்டிக்கொண்டிருந்தது. பாட்டை அந்தத் தட்டுக்கு இறக்கினாய். ஆடிய பையன்கள் முணுமுணுத்துக்கொண்டு நின்றார்கள், நீ கண்டுகொள்ளவில்லை. அவள் குதிகால் எழுந்தபோது குமிழை ஒரு மயிரிழை தள்ளினாய். மறுபடி எழுந்தது, மறுபடி தள்ளினாய். வேகம் ஏற ஏற, இன்னொரு கையால் என் குரலின் சுருதியை இறக்கிக்கொண்டே போனாய். அடி வயிற்றிலிருந்து யாரோ கூப்பிடுவது போல இருந்தது. அது என் குரல் என்பதே எனக்கு மறந்துபோனது. செல்வியின் தோள் குலுங்கியது. கரகம் கிளம்பியது. பெண்கள் போட்ட குலவையில் உன் ஸ்பீக்கரே கேட்கவில்லை.

கூழ் குடிக்க வந்தபோது, இப்போதாவது நம்புகிறாயா என்று கேட்டேன். "எனக்கு சாமியெல்லாம் தெரியாது அண்ணி. கால்தான் தெரிஞ்சுது" என்று சொம்பை நீட்டினாய்.

மார்வலி என்று உன்னைக் கொண்டுபோன நாளிலிருந்து அந்தப் பதில்தான் எனக்கு உறுத்தல். அம்மனை நம்பாமலே போய்விட்டானே, அவள் இவனைச் சேர்த்துக்கொள்வாளா என்று விளக்கேற்றும்போதெல்லாம் கேட்கிறேன். ஆனாலும் இப்போது யாருக்குப் பாடினாலும் முதலில் அவர்கள் காலைப் பார்க்கிறேன். அது நீ கொடுத்தது.

இரு தம்பி. இதை எழுதும்போதுதான் நினைவு வருகிறது. அன்று ஊர்வலம் முடிந்து நான் வீடு திரும்பியபோது, உன் செருப்பு காலையில் விட்ட இடத்திலேயே வாசலில் கிடந்தது. அந்த வெயிலில், தார் ரோட்டில், ஆற்றங்கரை வரைக்கும் நீ வெறுங்காலோடுதான் வந்திருக்கிறாய்.