நோட்டீஸ் கோஷ்டி

பிப்ரவரி 3
இருநூற்று நாற்பது பேர் வேண்டும். இருநூற்று முப்பத்தொன்பதில் நிற்கிறது. எல்லாருமே சிகரெட் பிடிப்பவர்கள், ரத்தக் கொதிப்பும் உள்ளவர்கள். பாதிப் பேருக்கு வாரம் ஒரு போன் செய்து, பேசிப் பேசியே சிகரெட்டை விடவைப்போம். மீதிப் பேருக்கு ஒரு நோட்டீஸ், அவ்வளவுதான். ஆறு மாதம் கழித்து எந்தக் கோஷ்டியில் எத்தனை பேர் விட்டார்கள் என்று பார்ப்பதுதான் ஆய்வு. வெள்ளிக்கிழமைக்குள் ஆள் சேராவிட்டால் பேராசிரியை என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்.

பிப்ரவரி 5
அண்ணனைச் சேர்த்துவிட்டேன். சொந்தக்காரர்களைச் சேர்க்கக் கூடாது. யார் பார்க்கப்போகிறார்கள்? இருபது வருடமாக ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட் ஊதுகிறவன், கொதிப்பும் உண்டு. யார் எந்தக் கோஷ்டி என்று சொல்லும் குலுக்கல் உறையை அவன் முன்னாலேயே பிரித்தேன். நோட்டீஸ் கோஷ்டி.

"அப்போ எனக்கு போன் வராதா தங்கச்சி?"

"வராது."

"என் ராசி அப்படி," என்று சிரித்தான்.

மார்ச் 17
அண்ணி போனில் பிடித்துக்கொண்டார். "ஊர்ல இருக்கிறவங்ககிட்டல்லாம் மணிக்கணக்கா பேசுற. உங்கண்ணனுக்கு மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குது. அவர்கிட்ட ஒரு வார்த்தை பேசக்கூடாதா?" பேசினால் ஆய்வு கெட்டுவிடும் என்று விளக்கினேன். பாதியிலேயே வைத்துவிட்டார். புரியாதவர்களிடம் மல்லுக்கட்ட எனக்கு நேரமில்லை.

மார்ச் 29
அண்ணன் வீட்டில் சாப்பாடு. சட்டைப்பையில் சிகரெட் பாக்கெட்டுக்குப் பின்னால் நோட்டீஸை நாலாக மடித்து வைத்திருக்கிறான். "இதுல 'இன்றே விடுங்கள்'னு போட்டிருக்கு. எப்படி விடணும்னு போடலையே. நீ சொல்லேன்."

தினமும் பத்துப் பேருக்குச் சொல்கிறேன். காலையில் முதல் சிகரெட்டை ஒரு மணி நேரம் தள்ளிப்போடுங்கள், பாக்கெட்டை வீட்டில் வைக்காதீர்கள், கை பரபரத்தால் எனக்குப் போன் செய்யுங்கள். நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். "ஆகஸ்ட் வரைக்கும் பொறு. அப்புறம் நானே உட்கார்ந்து சொல்றேன்," என்றேன். விளையாட்டாக இன்னொன்றும் சொன்னேன். "நோட்டீஸ் கோஷ்டியெல்லாம் விட்டுட்டா என் பொழப்பு போச்சு, தெரியும்ல?"

அண்ணன் சிரித்தான். அண்ணி சிரிக்கவில்லை.

மே 11
போன் கோஷ்டியில் முப்பத்தொரு பேர் விட்டாயிற்று. ஒரு லாரி டிரைவர் போனிலேயே அழுதார். நல்ல வேலைதான் செய்கிறேன்.

ஜூலை 20
அண்ணனுக்குப் பக்கவாதம். வலது பக்கம் முழுக்க. பேச்சு இல்லை.

ஜூலை 23
ஆஸ்பத்திரி வராந்தாவில் அண்ணி சொன்னார், குரலை உயர்த்தாமல். "ஏப்ரல்ல பதினாறு நாள் விட்டிருந்தாரு. தெரியுமா உனக்கு?"

தெரியாது.

"மறுபடி பிடிச்சப்போ சண்டை போட்டேன். 'நான் விட்டா தங்கச்சி வேலை கெட்டுப்போயிடும்டி'ன்னாரு."

அய்யோ, அது விளையாட்டுக்குச் சொன்னதுடா! சாக்குதானே அது? பிடிக்கிறவன் எல்லாம் ஒரு சாக்கு வச்சிருப்பான். அதை உடைக்கத்தானே எனக்குச் சம்பளம் — இவனுக்கு மட்டும் சாக்கை நானே செஞ்சு கையில குடுத்திருக்கேன்.

ஆகஸ்ட் 4
ஆறாம் மாதப் பரிசோதனை. குழாயில் ஊதினால் சமீபத்தில் புகை பிடித்தார்களா என்று கருவி காட்டிவிடும். இருநூற்று நாற்பதாவது ஆள் மட்டும் பாக்கி. கருவியை அண்ணன் படுக்கைக்குக் கொண்டுபோனேன். உதட்டைக் குவிக்க முயன்றான், பாவி, எனக்காக. எச்சில்தான் வழிந்தது. அண்ணி கருவியை வாங்கி என் பையில் போட்டு, ஜிப்பை இழுத்து மூடினார். "கிளம்பு," என்றார்.

எதற்காகக் கொண்டுபோனேன்?

ஆகஸ்ட் 6
பேராசிரியையிடம் உண்மையைச் சொல்லத்தான் போனேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "கருவியில ஊதாதவங்களை எல்லாம் சிகரெட் பிடிக்கிறவங்கன்னு போட்டுடு. அதுதானே விதி." சொன்னால் பட்டியலில் அண்ணனின் ஒரு வரி மட்டுமா போகும்? நானும் போவேன்.

போட்டேன். இன்றோடு பதினேழு நாளாக அவன் சிகரெட்டைத் தொடவில்லை. ஏப்ரலைவிட ஒரு நாள் அதிகம்.

நவம்பர் 12
மாநாட்டில் ஆய்வை வாசித்தேன். போன் கோஷ்டிக்கு அமோக வெற்றி, நல்ல கைதட்டல். முன்வரிசையில் இருந்த டாக்டர் ஒருவர் கேட்டார், "நோட்டீஸ் வாங்கினவங்கள்ல இவ்வளவு கம்மிப் பேர்தான் விட்டிருக்காங்க. ஏன்?"

"அவங்ககிட்ட யாரும் பேசல சார்," என்றேன்.

தலையாட்டிவிட்டு எழுதிக்கொண்டார்.