கடைசி சரணத்துக்கு ஒரே மைக்

ஞாயிறு, திருவொற்றியூர்

டிரம் செட் முழுவதற்கும் இரண்டே மைக். அதில் ஒன்று இரவல், மதியம் திருப்பித் தர வேண்டும். அதைப் பெரிய டிரம்முக்குள் தலையணை மேல் வைத்தேன். என்னுடையதை வலது தோளுக்குப் பின்னால் நிறுத்திய பிறகுதான் மற்ற டிரம்களின் சத்தமெல்லாம் சரியாகப் பதிவானது.

மூன்றாவது முறை நன்றாகப் போனது. கடைசி சரணத்தில் கீழ்வீட்டு செல்வி அக்கா கதவை இடித்தாள்.

"இன்னாம்மா இது? நைட் ஷிப்ட் முட்ச்சிட்டு வந்து அவரு இப்பதான் கண்ண மூடுனாரு."

"ஒரே ஒரு தபா அக்கா. நாலே நிமிசம்."

பின்னால் படியில் அவள் கணவரே நின்றிருந்தார், கண்கள் சிவந்து. "அட்ச்சிக்கோம்மா" என்றார். கன்டெய்னர் லாரிச் சத்தத்திலேயே தூங்குகிற மனிதர். எனக்கு வெட்கமாகிவிட்டது. குச்சிகளைக் கீழே வைத்தேன்.

அதுவரை பதிவானதை எங்கள் பேண்டில் பாடும் தினேஷுக்கு அனுப்பினேன். போனில் கூப்பிட்டான். "சூப்பரா கீது. கடைசி சரணத்துக்கு மட்டும் கம்ப்யூட்டர் பீட் வெச்சிக்கிறேன். பாட்ட நாளிக்கி குடுக்கணும்."

"வெச்சா பாட்டுல என் பேரு போட வேணாம்."

போனை வைத்துவிட்டான். போன பாட்டிலும் ஓர் இடத்தில் மட்டும் என்றுதான் ஆரம்பித்தான். முடிவில் என் வாசிப்பே அதில் இல்லை.

சாயங்காலம் கீழ்வீட்டுக்காரர் எழுந்த பிறகு, மிச்சமிருந்த ஒரே மைக்கில் முழுப் பாட்டையும் மறுபடி வாசித்து தினேஷுக்கு அனுப்பினேன். பெரிய டிரம் கேட்க வேண்டுமே என்று அதன் பெடலை மிதித்த மிதியில் கால் இன்னும் வலிக்கிறது.

இப்போதுதான் பதில் வந்தது: "கேட்டேன். பெரிய டிரம் பத்தல. உன்னுதா கம்ப்யூட்டரான்னு காலைல சொல்றேன்."

எத்தனை மணிக்கு என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.